‘குடும்பத் தகராறு’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனைவி கொல்லப்பட்ட செய்திகளை நம் நாளிதழ்கள் எழுதும் விதம் பற்றி இந்தக் கடிதம்.

‘குடும்பத் தகராறில் மனைவி வெட்டிக் கொலை.’ ‘குடிபோதையில் வெறிச்செயல்.’ ‘நடத்தையில் சந்தேகம்.’ ‘சேர்ந்து வாழ மறுத்ததால் ஆத்திரம்.’ தமிழ் நாளிதழ் படிக்கிற எல்லோருக்கும் இந்த நான்கும் மனப்பாடம். எழுதுகிறவர் வெறும் தகவலாகத்தான் எழுதுகிறார். ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும், கணவன் ஏன் அடிக்கிறான் என்பதற்கு ஒரு விளக்கம் ஒளிந்திருக்கிறது. அந்த விளக்கம் செய்தியோடு முடிந்துபோவதும் இல்லை. காவல் நிலைய மேசைக்கும், ஊர்ப் பெரியவர் திண்ணைக்கும், பெண்ணைப் பெற்றவர்களின் அடுப்படிக்கும் போய்ச் சேருகிறது. தகராறு என்று நினைத்தவர்கள் சமரசம் பேசுகிறார்கள். குடிதான் காரணம் என்றவர்கள் மறுவாழ்வு மையத்தைத் தேடுகிறார்கள். சந்தேகம் என்று படித்தவர்கள் பெண்ணிடமே, “கொஞ்ச நாளைக்கு போனைத் தொடாதே” என்கிறார்கள். விளக்கம் தவறினால் யோசனையும் தவறிவிடும். அதற்கு விலை கொடுப்பது அந்தப் பெண்.

குடியை முதலில் பார்ப்போம். குடிக்கும் வன்முறைக்கும் தொடர்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2019–21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, அடிக்கடி போதையாகும் கணவர்களின் மனைவியரில் பத்துக்கு ஏழு பேர் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். குடிப்பழக்கமே இல்லாத கணவர்களின் மனைவியரில் இது ஏறக்குறைய நான்கில் ஒருவர். இந்த இரண்டாவது கணக்குத்தான் முக்கியம். சாராயத்தைத் தொடாத வீட்டிலும் நான்கில் ஒரு பெண் அடிபட்டிருக்கிறாள் என்றால், குடி அடியின் வேகத்தைக் கூட்டுகிறதே தவிர அடிக்கும் உரிமையை அது கொடுக்கவில்லை. போதையில் நிதானம் இழந்தவன் வழியில் பேருந்து நடத்துநரை அடிப்பதில்லை, ரோந்து வந்த காவலரை அடிப்பதில்லை. வீடு வந்து, கதவைச் சாத்தி, சேலை மறைக்கும் இடமாகப் பார்த்து அடிக்கிறான். இத்தனையையும் தேர்ந்து செய்கிறவனைத் தன்னிலை இழந்தவன் என்று எழுதுவது சரியில்லை. குடியை விட்ட பிறகும் அவள் சம்பளத்தை அவனே வாங்குகிறானா, அம்மா வீட்டுக்குப் போன் பேசத் தடை இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: குடியோடு போன பிரச்சினை எது, போகாத பிரச்சினை எது என்று.

‘அவன் அப்பனும் அப்படித்தான்’ என்பது அடுத்த விளக்கம். பார்த்து வளர்ந்ததைப் பிள்ளை செய்யும் என்ற சமூகக் கற்றல் கோட்பாட்டை ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1960களில் வளர்த்தெடுத்தார். அதில் உண்மை உண்டு. ஆனால் அதே அப்பனைப் பார்த்து வளர்ந்த அண்ணன் தம்பிகள் எல்லோரும் மனைவியை அடிப்பதில்லை. பழைய காரணத்தை விளக்கமாக ஏற்கலாம், மன்னிப்பாக ஏற்கக் கூடாது. இதற்கு மேல் அதில் சொல்ல அதிகம் இல்லை.

‘தகராறு’ என்ற சொல்தான் பெரிய தீங்கு செய்கிறது. 1979ல் மரே ஸ்ட்ராஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஓர் அளவுகோல் வெளியிட்டார். கணவன் மனைவி சண்டையில் யார் யாரை எத்தனை முறை தள்ளினார்கள், அறைந்தார்கள், எதைத் தூக்கி எறிந்தார்கள் என்று எண்ணுவது அது. எண்ணிப் பார்த்தால் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமமாக வந்தார்கள். பெண்கள் காப்பகங்களில் வேலை செய்தவர்கள் கண்ட நிலைமை இதற்கு நேர்மாறு. இந்த முரண்பாட்டுக்கு 1995ல் மைக்கேல் ஜான்சன் என்ற சமூகவியலாளர் விடை சொன்னார்: இரு தரப்பும் பார்த்தது ஒரே பொருளை அல்ல. வாக்குவாதம் முற்றிக் கை நீளும் சண்டை ஒரு வகை. அதில் இருவரும் ஈடுபடலாம். பின்னால் யாரும் யாரையும் கண்டு நடுங்குவதில்லை. வீடுவீடாகப் போய் எடுக்கும் கணக்கெடுப்பில் அதிகம் சிக்குவது இது. இன்னொரு வகையில், ஒருவர் மற்றவரின் வாழ்க்கை முழுவதையும் தன் பிடிக்குள் வைத்திருக்கிறார். அடி அந்தப் பிடியைக் காப்பாற்றும் கருவி. காப்பகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் பிணவறைக்கும் வருவது பெரும்பாலும் இந்த வகை. அங்கே அவள் அவன் கையைத் தட்டிவிட்டதும் அளவுகோலில் ஓர் ‘அடி’யாகவே பதிவாகும். எதற்காக அடித்தார்கள், அடிக்குப் பின் யார் பயந்தார்கள் என்று அந்த அளவுகோல் கேட்பதில்லை.

ஆகவே ஒரு பெண் புகார் தரும்போது ‘எத்தனை தடவை அடித்தார்’ என்று மட்டும் கேட்டால் போதாது. அடி இல்லாத நாளில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து டுலூத் நகரில், அடிபட்ட பெண்கள் குழுக்களாக உட்கார்ந்து சொன்னதை வைத்து 1984ல் ஒரு சக்கரப் படம் வரைந்தார்கள். சக்கரத்தின் வெளி வட்டம் உடல், பாலியல் வன்முறை. உள்ளே எட்டு ஆரங்கள்: மிரட்டல், பார்வையாலும் பொருளை உடைத்தும் அச்சுறுத்தல், மனத்தைப் புண்படுத்தல், தனிமைப்படுத்தல், ‘ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் உன்னால்தான்’ என்று மறுத்தல், பிள்ளைகளைப் பகடையாக்கல், பணத்தை முடக்கல், ஆண் என்ற அதிகாரம். வெளி வட்டம் மாதத்துக்கு ஒரு முறை சுழன்றால் போதும். உள்ளே இருக்கும் ஆரங்கள் தினமும் வேலை செய்யும். (இந்தப் படத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான எலன் பென்ஸ், எல்லா ஆண்களையும் அதிகார ஆசை என்ற ஒரே சட்டகத்துக்குள் தாங்கள் அடைத்துவிட்டதாகப் பின்னாளில் தானே எழுதினார். அந்த நேர்மையையும் சேர்த்தே இந்தப் படத்தைப் பயன்படுத்த வேண்டும்.)

நம் வீடுகளில் இந்த ஆரங்கள் எப்படி இருக்கும்? கடைக்குப் போனால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வீடியோ காலில் முகத்தைக் காட்ட வேண்டும். ரேஷன் அட்டை, ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாம் அவன் பீரோவில்; சாவி அவன் இடுப்பில். அவள் பெயரில் மகளிர் குழுக் கடன், பணம் அவன் கையில், தவணை அவள் தலையில். நகை அடகில், அடகுச் சீட்டு மாமியாரிடம். இவற்றில் ஒன்றுகூடக் காயமாக உடம்பில் தெரியாது. ஆனால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 3ஆம் பிரிவில் உடல், பாலியல் வன்முறையோடு சொல்லாலும் மனத்தாலும் பொருளாதாரத்தாலும் செய்யும் கொடுமையும் எழுதியிருக்கிறது. கட்டுப்படுத்தும் நடத்தையை இங்கிலாந்து குற்றமாக்கியது 2015ல்தான். உரிமையியல் வழியில் என்றாலும், பத்தாண்டு முன்பே நம் சட்டம் இதைக் கண்டுகொண்டது. காகிதத்தில் இருப்பது மேசைக்கு வரவில்லை. வன்முறைப் புகாரைப் பதிவுசெய்யும் நிகழ்வு அறிக்கைப் படிவத்தில் பொருளாதார வன்முறைக்கு எனத் தனிப் பகுதியே இருக்கிறது. புகார் வாங்குகிறவர் அதைக் கோடிட்டு விட்டுவிட்டால், இடைக்காலப் பணம் கேட்கும்போது நீதிமன்றத்தில் காட்ட ஒன்றும் இருக்காது.

‘இத்தனை வருஷம் ஏன் பொறுத்துக்கொண்டாள்?’ செய்தியைப் படித்தவர் எல்லோரும் கேட்பது. இதற்குப் பெயர் பெற்ற பதில் லெனோர் வாக்கர் என்ற உளவியலாளர் 1979ல் தந்தது. பதற்றம் ஏறும் கட்டம், அடி விழும் கட்டம், காலில் விழுந்து மல்லிகைப்பூ வாங்கி வரும் கட்டம்; மறுபடி பதற்றம். பல பெண்கள் இதைக் கேட்டதும் ‘அப்படியே என் வீடு’ என்பார்கள். ஆனால் எல்லா வீட்டிலும் மூன்றாம் கட்டம் கிடையாது. வாக்கருடைய தரவிலேயே எல்லாப் பெண்களும் அதைச் சொல்லவில்லை. மன்னிப்பே கேட்காதவன் விஷயத்தில் இந்த வட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தால், ‘இது குடும்ப வன்முறை மாதிரித் தெரியவில்லையே’ என்ற முடிவுக்கு வந்துவிடுவோம்.

அந்த மூன்றாம் கட்டத்தைச் சில சமயம் காவல் நிலையமே நடத்திவைக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மனு ரசீது போட்டு இருவரையும் வரவழைத்து, ‘இனிமேல் அடிக்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கி, பெண்ணை அவனோடு அனுப்பிவைக்கிறார்கள். அவன் கை கட்டி நிற்கிறான், அழுகிறான். அது அவனுக்கு இன்னொரு மன்னிப்புக் காட்சி, இந்த முறை அரசு முத்திரையோடு. வீட்டுக்குப் போனதும், ‘ஸ்டேஷன் வரைக்கும் போனியா’ என்று அடுத்தது தொடங்குகிறது. அந்தக் காகிதத்தை மீறினால் தண்டனை எதுவும் கிடையாது. மேலே சொன்ன 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் குற்றவியல் நடுவர் தரும் பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இந்த வித்தியாசம் பல பெண்களுக்குச் சொல்லப்படுவதே இல்லை.

வாக்கர் இன்னொன்றும் சொன்னார்: திரும்பத் திரும்ப அடிபட்டவள், எதுவும் பலிக்காது என்று கற்றுக்கொண்டு முயற்சியையே விட்டுவிடுகிறாள். இதை அவர் எடுத்தது உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 1967ல் நாய்களை வைத்துச் செய்த சோதனையிலிருந்து. தப்ப வழியில்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய், பின்னர் வழி திறந்திருந்தும் படுத்தே கிடந்தது. அடிபட்ட பெண்ணை அந்த நாயோடு ஒப்பிடுவது பலருக்கும் நெருடியது, நெருட வேண்டியதுதான். அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. செலிக்மனும் அவருடைய பழைய கூட்டாளி ஸ்டீவன் மேயரும் 2016ல், தாங்கள் சொன்னது தலைகீழ் என்று எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது மூளையின் இயல்பு. அதைக் கற்க வேண்டியதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது, தான் செய்வதற்குப் பலன் உண்டு என்பதைத்தான்.

இதை நம் ஊர் நிலைமையில் வைத்துப் பாருங்கள். முன்பு சொன்ன தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி தேடியவர்கள் 14 விழுக்காடு. 77 விழுக்காட்டினர் யாரிடமும் வாயே திறக்கவில்லை. அந்த 14 பேரில் ஒருத்தி வாய் திறந்து 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்குப் போன் செய்கிறாள், அல்லது இந்தச் சட்டப்படி உதவ வேண்டிய பாதுகாப்பு அலுவலரிடம் வருகிறாள் என்றால், முதல் முறை நடப்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அன்றைக்கே நிகழ்வு அறிக்கை எழுதி, கையில் ஒரு படி கொடுத்து, அடுத்த தேதி சொல்லி அனுப்பினால், தன் அசைவுக்குப் பலன் உண்டு என்று அவளுக்குத் தெரிகிறது. ‘நாளைக்கு வா, மேடம் மீட்டிங்கில் இருக்காங்க’ என்றால் அதற்கு நேர்மாறானதைத்தான் கற்றுக்கொடுக்கிறோம். மனு போட்டால் முதல் விசாரணைத் தேதி பொதுவாக மூன்று நாளுக்குள் இருக்க வேண்டும், 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் 12ஆம் பிரிவில் காலம் குறித்திருப்பது இதனால்தான் பொருள் பெறுகிறது.

இனி அந்த நான்காவது தலைப்பு: ‘சேர்ந்து வாழ மறுத்ததால்.’ படிக்கிறவருக்கு அவள் மறுத்ததுதான் குற்றம் போலத் தோன்றும். உண்மையில் இந்தத் துறையின் மிகப் பெரிய எச்சரிக்கை அதற்குள்ளேதான் இருக்கிறது. ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலியர் பேராசிரியரும் குழுவினரும், 11 அமெரிக்க நகரங்களில் கணவன் அல்லது காதலனால் கொல்லப்பட்ட பெண்களின் வரலாற்றை, அடிபட்டும் உயிரோடு இருப்பவர்களின் வரலாற்றோடு ஒப்பிட்டு 2003ல் வெளியிட்டார்கள். மிகுந்த கட்டுப்பாடு செலுத்தும் ஆணை விட்டு, சேர்ந்து வாழ்ந்த பின் பிரியும் பெண்ணுக்குக் கொலையாகும் ஆபத்து ஏறத்தாழ 9 மடங்கு. ‘அவனை விட்டு வந்துவிடு’ என்று சொல்லிவிட்டுப் பின்னால் எதையும் ஏற்பாடு செய்யாதவர்கள், நல்லெண்ணத்தோடு அவளை மிக ஆபத்தான வாரங்களுக்குள் தள்ளிவிடுகிறார்கள். பிடி நழுவுகிற நேரத்தில்தான் அவன் மிகவும் பயங்கரமானவன். தகராறு என்ற விளக்கத்தால் இதைச் சொல்ல முடியாது: சண்டை என்றால், பிரிந்ததும் அது ஓய வேண்டும் அல்லவா?

கழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘கழுத்தைப் பிடிச்சாரு’ என்று பெண் சொல்வது பல மனுக்களில் ‘தகாத வார்த்தையால் திட்டி, கையால் தாக்கி’ என்ற வரிக்குள் கரைந்துவிடுகிறது. முன்பு ஒரு முறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னாளில் அதே ஆளால் கொல்லப்படும் வாய்ப்பு 7 மடங்குக்கும் மேல் என்று 2008ல் வெளியான ஆய்வு காட்டியது. கழுத்தின் இருபுறமும் உள்ள ரத்தக்குழாய் அழுந்தினால் பத்து விநாடி அளவிலேயே நினைவு தப்பும். ஆனால் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் 300 வழக்குகளைப் பார்த்தபோது பாதிப் பேருக்குக் கழுத்தில் கண்ணுக்குத் தெரியும் தடமே இல்லை. எனவே தடம் தேடாமல் கேட்க வேண்டும்: குரல் கம்மியதா? எச்சில் விழுங்க வலிக்கிறதா? கண்ணில் செம்புள்ளி தெரிகிறதா? கண் இருட்டியதா? தன்னை அறியாமல் சிறுநீர் போனதா? கடைசிக் கேள்விக்குப் பெண்கள் வெட்கத்தால் பதில் சொல்வதில்லை. பெண் மருத்துவர் தனியாகக் கேட்டால் சொல்வார்கள். பதிலை அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுத வேண்டும். கணவன் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் ‘வழுக்கி விழுந்தேன்’ என்றுதான் வரும், பதிவேட்டிலும் அதுவே ஏறும், வழக்கும் அங்கேயே வழுக்கிவிடும். மூச்சுத் திணறலோ குரல் மாற்றமோ இருந்தால் மறுநாள்கூட வீக்கம் கூடலாம். வீட்டுக்கு அனுப்பாமல் பார்வையில் வைப்பதே சரி.

கேம்ப்பெல்லின் ஆபத்துக் கேள்விகளில் மற்றவையும் எளியவை. கடந்த ஓராண்டில் அடி கூடியிருக்கிறதா? கொன்றுவிடுவேன் என்கிறானா, அவள் அதை நம்புகிறாளா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தானா? கட்டாய உறவு உண்டா? தானும் செத்துப்போவேன் என்று மிரட்டுகிறானா? நம் ஊருக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்: மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றியிருக்கிறானா, ஊற்றுவேன் என்றிருக்கிறானா? இவற்றில் பலவற்றுக்கு ‘ஆம்’ வந்தால், இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசக் கூடாது. அறைக்குள் அவள் சொல்லும் ஒவ்வொரு உண்மைக்கும் வீட்டில் கணக்குத் தீர்க்கப்படும். இந்தச் சட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விதிகளின் 14ஆம் விதியும், ஆலோசனையில் எதிர்த்தரப்பு தன் வன்முறைக்கு நியாயம் கற்பிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்கிறது. ‘அவ பேச்சு அப்படி சார்’ என்று தொடங்கும்போதே நிறுத்த வேண்டும் என்பது இதன் பொருள்.

பிரிவதாக இருந்தால் அதைத் திட்டமிட்டுச் செய்ய வேண்டும். ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றுகள், கல்யாணப் பத்திரிகை, அடகுச் சீட்டு ஆகியவற்றின் நகலை நம்பிக்கையான ஒரு வீட்டில் வைக்கலாம். போனில் இருப்பிடப் பகிர்வும், வாட்ஸ்ஆப் வேறு கருவியில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டும். ஆனால் கிளம்பும் நாளுக்கு முன் கடவுச்சொல்லை மாற்றினால் அவன் உஷாராகிவிடுவான். விட்டுவந்த பொருளை எடுக்கத் தனியாகத் திரும்பிப் போகவே கூடாது. நகையையும் சீதனத்தையும் திருப்பித் தரவும், காவல் துணை தரவும் 19ஆம் பிரிவில் ஆணை கேட்கலாம். வெளியேறுவது அவள்தான் என்ற கட்டாயமும் இல்லை: வீடு யார் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை 17ஆம் பிரிவு தருகிறது, அது மாமனார் பெயரில் இருக்கும் வீட்டுக்கும் பொருந்தக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 2020ல் தெளிவாக்கியது.

வீடு என்றதும் இன்னொரு கோட்பாடு. ‘பெண் வேலைக்குப் போனால் அடி குறையும்’ என்பது எப்போதும் நடப்பதில்லை. அவள் சம்பாத்தியம் கூடியதாலேயே அடி கூடிய வீடுகள் உண்டு. பிரதீப் பாண்டா, பினா அகர்வால் என்ற ஆய்வாளர்கள் திருவனந்தபுரம் மாவட்டத்தில் செய்து 2005ல் வெளியிட்ட ஆய்வு வேறு ஒன்றைக் காட்டியது. சொத்தே இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் உடல் வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். நிலம் மட்டும் உள்ளவர்களில் 18, வீடு மட்டும் உள்ளவர்களில் 10, இரண்டும் உள்ளவர்களில் 7. போக ஓர் இடம் உண்டு என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தமிழ்நாடு 1989லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்த மாநிலம். அதே மாநிலத்தில், தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கணவனின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் 38.1 விழுக்காடு, நாட்டின் சராசரியான 29.3ஐவிட அதிகம். கல்யாணத்தில் நகை போட்டதோடு கணக்கு முடிந்தது என்று மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் பெற்றோர் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். நகை அடகுக்குப் போகும், வீடு போகாது.

மாமியார் எங்கே வருகிறார் என்று கேட்பீர்கள். மேலைக் கோட்பாடுகள் பலவும் இருவரை மட்டுமே பார்க்கின்றன. இந்த இடத்தில் உதவுவது டெனிஸ் கண்டியோட்டி என்ற ஆய்வாளர் 1988ல் எழுதியது: புகுந்த வீட்டில் மருமகளாகப் பட்ட பாட்டுக்கு ஈடாக, மகன் வழியாகப் பின்னாளில் கிடைக்கும் அதிகாரம்தான் அவளுக்கு உள்ள ஒரே ஓய்வூதியம். அதை இழக்க அவள் விரும்புவதில்லை. ‘பெண்ணுக்குப் பெண்ணே எதிரி’ என்று முடித்துவிடும் சோம்பேறித்தனமான விளக்கத்தைவிட இது எவ்வளவோ மேல். சட்டமும் பெண்களை எதிர்மனுதாரராகச் சேர்க்க இடம் தருகிறது.

உங்களிடம் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. ‘குடும்பத் தகராறு’ என்ற சொல்லை மனைவி கொலைச் செய்தியில் போடாதீர்கள். ‘நடத்தையில் சந்தேகம்’ என்பது கொன்றவன் தரும் வாக்குமூலம்; அவன் சொன்னதாக எழுதுங்கள், செய்தித்தாள் கண்டறிந்த காரணமாக எழுதாதீர்கள். இருவரும் பிரிந்திருந்தால், எத்தனை நாளாக என்று குறிப்பிடுங்கள். செய்தியின் அடியில் 181 என்ற எண் இருக்கட்டும். உங்கள் நிருபர் காவல் நிலையத்தில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றும் கேட்கட்டும்: இந்தப் பெண் இதற்கு முன் எங்கேயாவது மனு கொடுத்திருந்தாரா, எந்தத் தேதியில், அந்த மனு என்ன ஆனது? கிடைக்கும் பதிலை, ‘பதில் இல்லை’ என்பதாக இருந்தாலும், அப்படியே அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
குடும்ப வன்முறை வழக்குகளில் பணியாற்றும் ஆலோசகர்கள்,
மதுரை.